முப்பத்தெட்டரைப் பேர் ஓடிய பந்தயம்

ஓட்டப் பந்தயத்துக்கு ரேடியோ பிடிக்கிற வேலை, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்க வைக்கிற வேலை.

ஓடுகிறவருக்குத் தன் ஒருவரைப் பற்றிய கவலை போதும். ரேடியோவில் இருப்பவனுக்கு நாற்பது பேரைப் பற்றிய கவலை. வந்தவர் எத்தனை, போனவர் எத்தனை, கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எத்தனை, தேயிலைக்குள் ஒதுங்கி இன்னும் வெளியே வராதவர் எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் எண்ணியவர்களும், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ்ஸுக்குள் தலை எண்ணியவர்களும் இதைப் படித்தால் என் கஷ்டம் விளங்கும். நாமெல்லாம் ஒரே வருத்தக்காரர்கள்.

நான் நோர்வூட் டவுனில் ரேடியோ, டீவி திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. முகம் பார்த்துப் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரேடியோவில் முகம் தெரியாது என்பதாலேயே வயதான பிறகு பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் எடுத்தேன். மூன்று வருஷமாக, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோர்வூட்டில் தொடங்கித் தோட்டத்து ரோடுகளில் ஏறி இறங்கி லிந்துலையில் முடிகிற நெடுந்தூர ஓட்டம் நடக்கிறது. பள்ளங்களில் போன் எடுக்காது. அதனால் வழியில் ஐந்து பொயின்ட்களில் எங்களைப் போன்றவர்களைச் செட்டும் பேட்டரியுமாக உட்கார வைக்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தது மூன்றாம் பொயின்ட். மூக்குத்திமலைத் தோட்டத்து மடுவம், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. கட்டளைகள் இரண்டு. சரியாக ஒரு மணிக்கு ரோட்டின் குறுக்கே கயிறு கட்டிவிட வேண்டும். பிந்தி வருகிறவருக்கு அந்த வருஷம் ஓட்டம் அதோடு முடிந்தது. பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல்லும் ரேடியோவில் போகக் கூடாது. இரண்டையும் நான் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றி வந்தேன், சென்ற மாதம் வரைக்கும்.

ஆணி

என் கடைக்குப் பக்கத்துக் கடை டெய்லர் சவரிமுத்துவுடையது. ஐம்பத்தெட்டு வயது. நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அவர் அளவெடுக்காத பெண்கள் குறைவு. சொன்ன தேதியில் ஜாக்கெட் வாங்கிய பெண்கள் அதைவிடக் குறைவு. யார் போய்க் கேட்டாலும், தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல், "ஹூக்கு மட்டுந்தான் பாக்கி அக்கா" என்பார். கேட்கிற ஜாக்கெட் அப்போது அலமாரியில் முழுத் துணியாக மடித்தபடி இருக்கும்.

முதல் வருஷம் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்றே, கடைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார். ஓடி முடிப்பவர்களுக்கெல்லாம் மெடல் உண்டு, அதை மாட்டுவதற்கு. வருகிறவர்களிடமெல்லாம் ஆணியைக் காட்டினார். அந்த வருஷம் மெடல் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஆணியில் அளவெடுக்கிற இஞ்சி டேப் தொங்கியது, பிறகு குடை தொங்கியது, ஒரு மழை நாளில் யாரோ ஒரு கங்குன் கீரைக் கட்டைக்கூட மாட்டி வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருஷம் பெயர் கொடுக்கப் புறப்பட்டபோது அவருடைய மனைவி மேரி கடைவாசலில் நின்று, டவுனுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இந்த வருசமும் ஒண்ணும் வரல்லன்னா, அந்த ஆணியில நான் காலண்டர மாட்டிருவேன், அம்புட்டுதான்!"

முப்பத்தெட்டரை

இனி முதல் வருஷத்திலிருந்து வருகிறேன். மடுவத்தில் எனக்குத் துணையாக வேலாயுதம் கங்காணி வந்து உட்கார்ந்தார். வேலையிலிருந்து நின்று பல வருஷமாகியும், ஆள் கூடுகிற இடத்தில் அவருக்குக் கை சும்மா இருக்காது, எண்ணத் தொடங்கிவிடுவார். தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடத்தில், வந்து நின்று ஒரு நாள் முழுக்க வேலை செய்தவருக்கு ஒரு பேர். பாதியில் போனவருக்கு அரைப்பேர். சம்பளமெல்லாம் அந்தக் கணக்கில்தான். நாற்பது பேர் புறப்பட்டிருந்தார்கள். அதில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என் பொயின்ட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதற்கு மேல் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

"பாதி தூரம் ஓடியிருக்காரு. வெயில்ல வந்திருக்காரு. ஒண்ணுமே இல்லன்னு எழுதுனா பாவம்ங்க, அரைப்பேரு போடுங்க" என்றார் கங்காணி. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. என் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அந்தக் கணக்கில் வாழ்ந்தவர்கள். லிந்துலையில் தலைமைச் செட்டில் இருந்தவர் ரோஹன மாத்தியா, அதாவது ரோஹன ஐயா, கண்டியைச் சேர்ந்த சிங்கள எஞ்சினியர், தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து நன்றாகவே பேசுவார். நான் குரலைச் சரிசெய்துகொண்டு, "மூன்றாம் பொயின்ட்டைக் கடந்தவர்கள் முப்பத்தெட்டரை" என்று அறிவித்தேன்.  பிறகு அவர் மிக மரியாதையாகக் கேட்டார்:

"அங்கிள், அந்த அரை ஆளு, மேல் பக்கமா, கீழ் பக்கமா?"

கயிறு

நாற்பதில் மீதி ஒருவர் நம் டெய்லர். என் பொயின்ட்டுக்கு முன்னால் ரோட்டோரமாக வரிசையாக ஏழு லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள். ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி நெருங்குகிறது. பெண்களெல்லாம் வாசலில். அந்த ரோட்டில் காற்சட்டையோடு ஒரு டெய்லர் ஓடி வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாராவதாக இருந்தால் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பார். சவரிமுத்துவோ வாடிக்கையாளருக்கு நின்று பதில் சொல்லியே பழகியவர். ஒவ்வொரு வாசலிலும் நின்று, மூச்சிரைக்க, "ஹூக்கு மட்டுந்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். கடைசி லயத்தில் ஒருவர் அளவு ஜாக்கெட்டையே கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டாராம்.

அவர் வளைவில் தெரிந்தபோது நான் கயிற்றின் இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். தோளில் யாருடையதோ ஊதா ஜாக்கெட். "அண்ணே, கொஞ்சம் தூக்குங்களேன், குனிஞ்சு போயிர்றேன்" என்றார். பக்கத்துக் கடைக்காரர். என் மகள் கல்யாணத்துக்கு வாழை மரம் கட்டியவர்.  ஆனால் மணி ஒன்று தாண்டிவிட்டது. நான் முடிச்சையே இறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, எனக்குப் பதிலாக வேலாயுதம் கங்காணியே தீர்ப்புச் சொன்னார்:

"பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு அரைப்பேரும் கெடையாது தம்பி, வீட்டுக்குப் போ!"

குறுக்கு

இரண்டாம் வருஷம் கணக்கு வேறு விதமாகக் கெட்டது. என் பொயின்ட்டை அதுவரை ஒன்பது பேர்தான் கடந்திருந்தார்கள். அந்த நேரத்தில் நாலாம் பொயின்ட்டிலிருந்து, தங்களிடம் இருபது பேர் வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். எனக்கு முன்னால் வராத பதினொரு பேர் எனக்குப் பின்னால் எப்படிப் போனார்கள்? நான் தூங்கிவிட்டேன் என்று ரோஹன மாத்தியா நினைத்திருக்க வேண்டும். "அங்கிள், டீ குடிச்சீங்களா?" என்று அன்பாக விசாரித்தார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் தோட்டத்து ரோடு, ஏழாம் நம்பர் மலையைச் சுற்றிச் சுற்றி வருகிற ரோடு. அதில் லொறி போகும், துரையின் ஜீப் போகும். நடக்கிற மனுஷர் யாரும் போவதில்லை. எல்லோருக்கும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதை உண்டு. மலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், ஓடி வந்தவர்களை நிறுத்திக் கையைப் பிடித்து அந்தக் குறுக்கில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பதினொரு பேரையும் திரும்ப என்னிடம் ஏறி வரச் சொல்லி உத்தரவு வந்தது. நாக்குத் தள்ள ஏறி வந்தார்கள். யார் இந்த வேலை செய்தது என்று விசாரித்தபோது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ராசம்மா அக்கா முன்னால் வந்தார். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவார்.

"நாங்கதாங்க காட்டுனோம். கண்ணுக்கு முன்னால கெடக்குற எடத்துக்கு, படிச்ச புள்ளைங்க இப்புடிச் சுத்திச் சுத்தி ஓடுதுங்களேன்னு மனசு கேக்கல்லீங்க!"

சீனி

வழி தப்பிய பதினொரு பேருக்கும் பரிகாரமாக ராசம்மா அக்காவே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் சீனியைத் தேத்தண்ணியில் கலக்க மாட்டோம். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. அந்தப் பதினொரு பேரில் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கையிலும் ஒரு கரண்டி சீனி கொட்டப்பட்டது. அவர் அதை உற்றுப் பார்த்தார். பாரம் தூக்குகிறவர்கள் கையில் வெள்ளை மா பூசிக்கொள்வார்களே, அதுவென்று நினைத்துவிட்டார் போல. இரண்டு கையையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்து, படாரென்று ஒரு தட்டுத் தட்டி, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். சீனி பறந்து என் செட்டின் மேல் விழுந்தது. ராசம்மா அக்கா வெகுநேரம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுங்க ஊருல எறும்பே கெடையாது போலருக்கு."

கொடி

அன்றைக்கே பதினொரு மணிக்கு என் ரேடியோ செத்துப்போனது. நான் கூப்பிடுவது யாருக்கும் கேட்கவில்லை. பேட்டரியைப் பார்த்தேன், நல்லது. மைக்கைப் பார்த்தேன், நல்லது. மீட்டர் முள் மட்டும் போகக் கூடாத பக்கம் போய் நின்றது. உள்ளே சீனி போய்விட்டதோ என்று செட்டைக் கழற்றப் போனேன். அப்புறம்தான் வெளியே வந்து ஏரியலைப் பார்க்கத் தோன்றியது. மடுவத்துக் கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கு நான் காலையில் கட்டிய கம்பி அது. கையால் இழுத்து, சுருக்கம் எடுத்து, நேராகக் கட்டியிருந்தேன்.

கம்பியில் இரண்டு பாவாடை, ஒரு கம்பளி, ஐந்து பள்ளிக்கூடச் சட்டை, ஒரு சாரம். எல்லாம் ஈரம். கம்பி தொட்டில் மாதிரித் தொய்ந்து, கம்பளியின் நுனி தேயிலையில் உரசிக்கொண்டிருந்தது. இது கொடி இல்லை, இதில் கரண்ட் போகும், இதன் வழியாகத்தான் லிந்துலைக்குப் பேசுகிறேன், கை வைத்தால் சுடும் என்று, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணிடம், நிலத்தைப் பார்த்தபடி விளக்கினேன். அவர் பயந்தது மாதிரித் தெரியவில்லை. கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"அப்ப பேசிக்கிட்டே இருங்களேன் ஐயா, சுருக்கா காஞ்சிரும்ல?"

மிச்சத் துணி

அந்த இரண்டாம் வருஷம் டெய்லர் வேஷம் போட்டுக்கொண்டு வந்தார். தொப்பியைக் கண் வரை இறக்கி, வாயை மூடித் துவாய் கட்டி, ஓடுகிறவர்கள் கூட்டத்துக்கு நடுவில் மறைந்து ஏழு லயத்தையும் தாண்டிவிட்டார். கயிறு கட்ட இன்னும் நேரம் இருந்தது. செட்டுக்குப் பக்கத்தில் என் வீட்டம்மா சாப்பாட்டுக் கூடையோடு நின்றார். அவரும் மயில் நீலத்தில் ஒரு துணி கொடுத்து ஒரு வருஷமாகியிருந்தது. ஆனால் அவர் என்னைவிடப் பேச்சுக் குறைந்தவர், ஒன்றும் கேட்கவில்லை. நான் மனதுக்குள் ஆணியை நினைத்துக்கொண்டு, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கயிறு கட்டுகிற இடத்துக்குப் பத்தடி முன்னால் ராசம்மா அக்கா பாய்ந்து அவருடைய காற்சட்டையைப் பிடித்தார். காற்சட்டை அவரே தைத்தது. இரண்டு பக்கமும் அழகுக்காக நீளப் பட்டை வைத்திருந்தார். மஞ்சளில் பச்சைப் பூ. அது ராசம்மா அக்கா போன தீபாவளிக்குக் கொடுத்த துணி. டெய்லர் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தவித்தார். காற்சட்டையை விட்டுவிட்டு ஓடினால் மெடல். ஆனால் அந்த மாதிரி மெடலை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட முடியாது. அவர் நியாயம் சொல்லி முடிப்பதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. நான் முடிச்சைப் போட்டேன். ராசம்மா அக்கா பிடியை விடவில்லை:

"மிச்சம் ஒரு சாண்கூட இல்லன்னு சொன்னீங்களே டெய்லர், அப்ப இது என்ன, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

கோழி

இந்த வருஷம் காலையிலேயே ராசம்மா அக்கா என் மேசைக்கு வந்துவிட்டார். அவருடைய மருமகள் மேற்பிரிவில், இரண்டாம் பொயின்ட் பக்கத்து லயத்தில் இருக்கிறார். கோழியை அடைக்காமல் திறந்துவிட்டால் நரி கொண்டுபோய்விடும், ரேடியோவில் சொல்லுங்கள் என்றார். நான் கட்டளையை எடுத்துச் சொன்னேன். பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல்லும் போகாது. "கோழி ஓடாதுங்களா? அதுவும் ஓட்டந்தானே?" என்று வாதாடினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

அவர் போய்விட்டதாக நினைத்து, வந்தவர் கணக்குச் சொல்ல மைக்கை அமுக்கினேன். அமுக்கிய கையோடு என் தோளுக்கு மேலிருந்து, பள்ளத்துக்குப் பள்ளம் கூப்பிட்டுப் பழகிய குரல் ஒன்று, "அடியே செல்வி, கோழிய அடைச்சிப்புடு!" என்று புறப்பட்டது. லிந்துலைக்கு ரேடியோ இல்லாமலே கேட்டிருக்கும். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.  சில நிமிஷம் கழித்து ரோஹன மாத்தியாவின் குரல் வந்தது:

"மூன்றாம் பொயின்ட் கவனிக்க. கோழி அடைச்சாச்சு. ஓட்டத்தில வேற கோழி இருக்கா?"

பார்சல்

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் சவரிமுத்து என்னிடம் வந்தார். முகத்தில் ஆணியும் காலண்டரும் எழுதியிருந்தது. "அண்ணே, எந்த வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னு ரேடியோவுல முன்னாடியே தகவல் குடுத்தீங்கன்னா, நான் தேயிலைக்குள்ள பூந்து போயிருவேன்" என்றார். கட்டளை இடம் கொடுக்காது என்றேன்.  "சரி, அப்ப ஒரே வழிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் கடையில் மெஷின் சத்தம் நிற்கவே இல்லை. டவுனில் சிலர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து.

பந்தயத்தன்று முப்பத்தொன்பது பேர். டெய்லருக்கு இருபத்தேழாம் நம்பர். மதியம் நெருங்கும்போது இரண்டாம் பொயின்ட்டிலிருந்து தேவராஜ் மாஸ்டர் பதறிப்போய்க் கூப்பிட்டார். இருபத்தேழாம் நம்பர் முதுகில் பள்ளிக்கூடப் பையோடு வருகிறார், லயத்துக்கு லயம் பொட்டலம் வீசுகிறார், இதற்கு என்ன விதி? ரோஹன மாத்தியா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஓடுகிறவர்கள் பாதையில் குப்பை போடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஜாக்கெட் குப்பையா? அவர் யோசித்துச் சொன்ன தீர்ப்பு எனக்கு இன்னும் மனப்பாடம்:

"கீழ விழுந்தா குப்பை. யாராவது புடிச்சா குப்பை இல்லை."

கூடை

இந்தத் தீர்ப்பு என் செட்டிலிருந்து லயங்களுக்குப் பரவியது. நான் பரப்பவில்லை, சத்தமாக வைத்திருந்தேன், அவ்வளவுதான். உடனே பெண்களெல்லாம் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றுவிட்டார்கள். வளைவில் சவரிமுத்து தெரிந்தார். ஓடுகிற ஓட்டத்தில் பைக்குள் கையை விட்டு, ஒரு கூடைக்கு ஒரு பொட்டலம், ஒரு கூடைக்கு ஒரு பொட்டலம் என்று போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றுகூட ரோட்டில் விழவில்லை. பறித்த கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் வீசிப் பழகியவர்களே பார்த்து வாயைப் பிளந்தார்கள். வேலாயுதம் கங்காணி எழுந்து நின்றுவிட்டார். என் கையில் கயிறு. டெய்லர் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனார். மணி ஒன்றாக இன்னும் நேரம் இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக "இருபத்தேழு, கடந்துவிட்டார்" என்று அறிவித்தேன். 

பிறகு பெண்கள் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஓடிக்கொண்டே பங்கிட்டால் யாருடையது யாருக்குப் போகும் என்று அவர் பார்க்கவில்லை. ராசம்மா அக்கா கைக்கு வந்த ஜாக்கெட்டுக்குள் இரண்டு ராசம்மா அக்கா நுழையலாம். அடுத்தவர் கையிலிருந்ததை அவருடைய மகளுக்குக்கூடப் போட முடியாது. ஒரு நிமிஷம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, "டெய்லரே!" என்று ஒரு சத்தம். ஐந்து பேர் ஜாக்கெட்டைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் இறக்கத்தில் பாய்ந்தார்கள். அதுவரை முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஓடிய மனுஷர், திரும்பி ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு அவர் ஓடிய வேகத்தை அந்தப் பந்தயத்தில் வேறு யாரும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் நாலாம் பொயின்ட் கூப்பிட்டது:

"இருபத்தேழு வாராரு. அவருக்குப் பின்னால அஞ்சு பொம்பளைங்க, நம்பர் இல்லாம, ரொம்ப நல்லா ஓடுறாங்க. எண்ணிக்கையில சேத்துக்கவா?"

ஹூக்கு

ஐந்து பேரும் நாலாம் பொயின்ட்டில் மூச்சு முட்டி நின்று, குறுக்குப் பாதையாலேயே ஏறி என் மடுவத்துக்குத் திரும்பி வந்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துவிட்டார்கள். நிறுக்கிற மேசையில் பொட்டலங்களைப் பரப்பி, இது உனக்கு, அது எனக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. தையலும் சுத்தம், ஹூக்கும் இருந்தது. கோபமெல்லாம் போய், இப்போது எல்லோருக்கும் ஒரே கவலை. பந்தயத்தை மூடுகிற நாலு மணிக்குள் அவர் லிந்துலைக்குப் போய்ச் சேருவாரா? என் செட்டைச் சுற்றி மூச்சுவிட இடமில்லை. ராசம்மா அக்கா மாதாவுக்கும் மாரியம்மாவுக்கும் சேர்த்தே ஒரு நேர்ச்சை வைத்தார். நாலாக மிகக் கொஞ்சம் இருக்கும்போது ரோஹன மாத்தியாவின் குரல் வந்தது: "இருபத்தேழு, ஓடி முடிச்சாச்சு. மெடல் போட்டாச்சு. முப்பத்தொன்பதும் சரி." மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. "முழுப்பேரு! முழுப்பேரு போடுங்க!" என்று கங்காணி மேசையைத் தட்டினார்.

நான் பழக்கத்தில் ஆட்களை எண்ணினேன். பெண்கள் பதினெட்டு. பொட்டலம் பதினேழு. திரும்ப எண்ணினேன், அதே பதினேழு. கையில் ஒன்றும் இல்லாமல் ஓரமாக நின்றது என் வீட்டம்மா.  சாப்பாட்டுக் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷமாக அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சுற்றிலும் இத்தனை முகம். நான் கண்ணை மூடிக்கொண்டு, மைக்கை அமுக்கி, அங்கே டெய்லர் கையில் மைக்கைக் கொடுக்கச் சொன்னேன். பிறகு, ஐந்து பொயின்ட்டும் கேட்க, பந்தயத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "சவரிமுத்து, எங்க வீட்டு மயில் நீலம் எங்க?" அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. மெடல் மைக்கில் இடித்து ஒரு தடவை கிணுங்கியது.

"அண்ணே... ஹூக்கு மட்டுந்தான் பாக்கி."

ஆக, முப்பத்தொன்பது பேரும் கணக்கில் வந்து, மெடலும் ஆணியில் ஏறிவிட்ட இந்த வருஷத்தில், இன்னும் பாதையில் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டு ஜாக்கெட் ஒன்றுதான்.